தாத்தாவின் டாட்சன் 620: கதவிலுள்ள பழைய எழுத்துகளை வைத்துக்கொள்வதா, புதிதாக எழுதுவதா?

குலாய்ப்பேரன், ஈசூன்

அனைவருக்கும் வணக்கம். ஜொகூரில் குலாய்க்கு அருகே காய்கறித் தோட்டம் வைத்திருந்த எங்கள் தாத்தா, சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குச் சரக்கு ஏற்றிவந்த 1974ஆம் ஆண்டு டாட்சன் 620 பிக்கப் வண்டியை, ஜொகூரிலுள்ள சித்தப்பா வீட்டிலேயே வைத்துப் புதுப்பித்து வருகிறோம். இயந்திரமும் பிரேக்கும் சரியாகிவிட்டன; கதவுகளைத் தவிர மற்ற இடங்களுக்கு டூகே பெயின்ட் (கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தாயிற்று. கதவுகளில் தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தமிழில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வண்டியின் எடை விவரங்கள் உள்ளன. ஓட்டுநர் பக்கத்தில் எழுத்துகள் பெரும்பாலும் மங்கிவிட்டன, கதவின் அடிவிளிம்பிலும் துரு இருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று அண்ணன் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது நல்லது?

தூரிகைக்காரர்

தம்பி, சுரண்டுவதை உடனே நிறுத்திவையுங்கள். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து, அது பின்னர் சிங்கப்பூருக்கும் வருவதற்கு முன்பு எழுதப்பட்ட கதவாக இருந்தால், 'லை', 'னை', 'ணா' போன்ற எழுத்துகள் துதிக்கையும் சுழியுமாகப் பழைய வடிவில்தான் இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் கடைகளின் வழக்கமான எழுத்துருக்களில் அவ்வடிவங்கள் இருப்பதில்லை. இருட்டிய பிறகு கைவிளக்கைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எழுதிய எனாமல் தன் அடியிலிருந்த பெயின்டை வெயிலிலிருந்து காத்திருக்கும் என்பதால், நிறம் போன இடத்திலும் எழுத்தின் தடம் சற்று மேடாகத் தெரியும். அதன்மேல் டிரேசிங் தாளை ஒட்டி முழு அளவில் படியெடுங்கள். கைப்பிடியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைவாசி, காக்கி புக்கிட்

தூரிகைக்காரர் சொல்வது சரிதான், ஆனால் துருவை அப்படியே விட்டுவிட முடியாது. கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் கதவின் அடியிலுள்ள துளைகளால் வெளியேற வேண்டும். அவை அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவை, படியெடுத்த பிறகு, தகடு மாற்றி முழுவதும் பெயின்ட் அடித்துப் பழைய வடிவிலேயே எழுதச் செய்யுங்கள். மற்றக் கதவில் எழுத்துகள் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இரண்டு கதவும் ஒரே நிறமாக இருக்காது. குடும்ப வண்டிக்கு அது குறையென்று நான் நினைக்கவில்லை.

வேலை வரிசைதான் முக்கியம். பெயின்ட் நன்றாக இறுகச் சில வாரங்கள் விடுங்கள். எழுதி முடியும்வரை மெழுகோ சிலிகான் கலந்த ரப்பர் பாலிஷோ வண்டிக்கு அருகில்கூட வரக்கூடாது, ஏனெனில் சிலிகான் பட்ட இடத்தில் எனாமல் ஒட்டாமல் விலகி ஓடும். எழுத்தின்மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு அடித்தால் அதன் கரைப்பான் எனாமலைச் சுருக்கிவிடக்கூடும். கதவு ரப்பர், கதவின் உட்பக்க மெழுகு, பாலிஷ் எல்லாம் எழுதி முடித்த பிறகுதான்.

குலாய்ப்பேரன், ஈசூன்

மிக்க நன்றி ஐயா. தோட்டத்தின் பெயரில் 'லை' இருக்கிறது, பழைய வடிவில்தான். அண்ணனும் ஒப்புக்கொண்டுவிட்டார். இடப்பக்கக் கதவில் எழுத்து வெளுத்து மாவுபோல் கையில் வருகிறது. அதை எப்படித் துடைப்பது?

தூரிகைக்காரர்

மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். அழுத்தித் தேய்க்காதீர்கள், பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் காம்பவுண்ட் வேண்டவே வேண்டாம். துணியில் எழுத்தின் நிறம் ஏறத் தொடங்கினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.