கலைச்சொல் விவாதம்: சக்கர ஸ்டட்டுக்கு ‘மரைமுளை’

குழுமத்தாருக்கு வணக்கம்.

முன்சக்கர இயக்கக் கார்களில் முன்பக்கச் சக்கரத்தின் ஸ்டட், அதாவது சக்கரத்தைப் பிடித்துவைக்கும் நட்டு ஏறும் தண்டு, ஒடிந்துவிட்டால் அதை மாற்றும் முறையைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். பேரிங், காலிப்பர், டிஸ்க், நட்டு போன்றவை பட்டறைத் தமிழில் வேரூன்றிவிட்டதால் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன். ஸ்டட்டுக்கு மட்டும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அச்சாணி, சக்கரத் திருகாணி, குமிழாணி, நிலையாணி ஆகிய நான்கு பரிந்துரைகள் வந்தன. அவற்றை வேலையோடு பொருத்திப் பார்த்தபின் ‘மரைமுளை’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன்.

மற்றவற்றை விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் சொல் தேடுகிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் ‘வீல் போல்ட்’ என்ற ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் சக்கரம் பொருந்தும் குடத்தின் (ஹப்) விளிம்புத் தட்டில் துளைகள் இருக்கும். அத்துளைகளுக்குள் பின்புறமிருந்து அழுத்தி ஏற்றப்பட்ட தண்டுகள் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டின் தலை தட்டின் பின்னால் மறைந்திருக்க, தலையை ஒட்டிய கழுத்தில் நெடுக ஓடும் வரிப்பற்கள் துளையின் சுவரைக் கடித்துக்கொள்வதால் அது சுழலாது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தாலும் தண்டு தன் இடத்திலேயே நிற்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களிலோ குடத்தின் துளைக்குள்ளேயே மரை (திருகுச் சுற்றுகள்) வெட்டப்பட்டிருக்கும். சக்கரத்தின் வழியாக அதில் திருகப்படும் போல்ட், சக்கரத்தைக் கழற்றும்போது முழுதாகக் கைக்கு வந்துவிடும்.

ஒடியும்போதுதான் இந்த வேறுபாட்டின் விலை தெரிகிறது. இரண்டாம் வகை ஒடிந்தால், குடத்தின் மரைக்குள் சிக்கிய துண்டை நடுவில் துளையிட்டு, எதிர்த்திசையில் திருகி வெளியே எடுக்க வேண்டும். முதல் வகையைத் திருகவே கூடாது; பின்பக்கமாகத் தள்ளி இறக்க வேண்டும். “உடைந்த போல்ட்டைக் கழற்றுக” என்று நூலில் எழுதினால், படிக்கும் மாணவர் எஞ்சிய துண்டைப் பைப் ரிஞ்சால் பிடித்துத் திருக முனைவார். வரிப்பற்கள் துளையின் சுவரைச் சுரண்டிவிடும். அகன்றுபோன அத்துளையில் அடுத்து ஏற்றும் புதுத் தண்டு நட்டோடு சேர்ந்து சுழலும். முடிவில் குடத்தையே மாற்ற நேரும். ஆகவே இங்கே நாம் தேடும் சொல், அந்தப் பொருள் திருகிக் கழற்றத்தக்கதன்று என்பதைப் பெயரிலேயே உணர்த்த வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

இந்த நிபந்தனையில் சக்கரத் திருகாணி முதலிலேயே விழுந்துவிடுகிறது. அது இரண்டாம் வகைக்கு மிகப் பொருத்தமான பெயர், அதற்கே கொடுத்துவிடலாம். அச்சாணி அழகான சொல். “உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து” என்ற குறள் அதை எல்லார் மனத்திலும் நிறுத்தியிருக்கிறது. ஆனால் அச்சாணி என்பது அச்சின் நுனியில் குறுக்கே செருகப்பட்டு, சக்கரம் வெளியே கழன்று ஓடாமல் தடுப்பது. வண்டிக்காரர்கள் அதையே கடையாணி என்பார்கள். காரில் அதற்கு உறவான பொருள் வேறொன்று உண்டு: சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் நுனி நட்டு தளராமலிருக்கச் சில கார்களில் செருகப்படும் பிளவுபட்ட ஊசி. அச்சாணியை அதற்கென ஒதுக்கிவைப்பதே நியாயம். குமிழாணி அகராதியைப் பார்த்துச் செய்த சொல்லாகத் தோன்றுகிறது. சட்டையிலும் காதிலும் அணியும் ஸ்டட்டுக்குக் குமிழ்தான் முகம், சக்கர ஸ்டட்டுக்கோ தலை கண்ணுக்கே தெரியாது. நிலையாணி பொருளில் குறையில்லாதது, ஆயினும் அதில் மரை இருப்பது பெயரில் இல்லை. ரிவெட்டும் நிலையாக நிற்கும் ஆணிதானே.

முளை என்பது மாட்டைக் கட்டுவதற்காக நிலத்தில் அறையும் குச்சி. ஊர்ப்பக்கம் மொளக்குச்சி என்பார்கள். அது அறையப்பட்டு நிற்கிறது. கட்டப்படுவதும் அவிழ்க்கப்படுவதும் வேறொன்று. கயிற்றை அவிழ்த்தபின்னும் முளை இருந்த இடத்தில் இருக்கிறது. மாற்றவேண்டுமானால் பிடுங்கியோ தட்டியோ எடுப்போமே தவிர யாரும் அதைத் திருகமாட்டார்கள். சக்கர ஸ்டட்டின் இயல்பு அப்படியே இதில் அடங்குகிறது. மரை இருப்பதால் மரைமுளை. இடம் தெளிவாக இருக்கும்போது வெறும் முளை.

சொல் வேலைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க, நூலின் ஒரு பகுதியை இச்சொல்லை வைத்தே எழுதிப் பார்த்தேன். அதைக் கீழே தருகிறேன். சொல்லை மட்டுமல்லாமல் முறையையும் அறிந்தவர்கள் திருத்த வேண்டுகிறேன்.

“காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்திச் சக்கரத்தை எடுக்கவும். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் தொங்கவிடவும். பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கலாகாது. டிஸ்க்கை எடுத்தபின் குடத்தை மெல்லச் சுழற்றி, ஒடிந்த முளையின் தலை பின்புறம் எங்கே வெளியேற இடம் கிடைக்கிறது என்று பார்க்கவும். முன்சக்கர இயக்கக் காரில் குடத்தின் பின்னால் நக்கிள் (குடத்தையும் பேரிங்கையும் தாங்கும் பகுதி), தூசித் தகடு, டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு ஆகியவை நெருக்கமாக இருப்பதால் இதுவே வேலையின் கடினமான கட்டம். நக்கிளில் இடைவெளி இருந்தால், முளையை இறக்குவதற்கான சிறு திருகு அழுத்தியைக் கொண்டு பின்னோக்கித் தள்ளி எடுக்கலாம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி பேரிங்கின் குண்டுகள் வழியாக அவற்றின் ஓடுபாதையில் பள்ளங்களைப் பதிக்கும். வண்டி ஓடும்போது முதலில் ரீங்காரமும் பின்னர் தேய்மானமும் அங்கிருந்தே தொடங்கும். இடைவெளி இல்லாத கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் நட்டைக் கழற்றி, நக்கிளை இறக்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துக் குடத்தைத் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுக்கும்போது பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலும் குடத்தோடு வந்துவிடுவதால் அந்தப் பேரிங்கை மீண்டும் பயன்படுத்தலாகாது. குடமும் பேரிங்கும் ஒரே தொகுதியாக நக்கிளில் போல்ட் செய்யப்பட்ட கார்களில் இந்தச் சிக்கல் இல்லை. தொகுதியை முழுதாகக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம்.

புதிய முளையைப் பின்புறமிருந்து துளையில் செருகி, அதன் வரிப்பற்களைத் துளையில் உள்ள பழைய தடங்களோடு பொருத்தவும். பிரஸ் கிடைத்தால் அதிலேயே ஏற்றுவது சிறந்தது. கிடைக்காவிட்டால் முன்புறம் சில தடித்த வாஷர்களை அடுக்கி, வாஷர்களுக்கு இடையே கிரீஸ் தடவி, ஒரு பழைய நட்டின் தட்டையான பக்கம் வாஷரைத் தொடுமாறு வைத்துக் கைச்சாவியால் நிதானமாக இறுக்கவும். முளையின் தலை தட்டின் பின்முகத்தில் இடைவெளியின்றி அமர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அரைகுறையாக அமர்ந்த தலை ஓட்டத்தில் உள்ளே நகர, சக்கரத்தின் இறுக்கம் தானாகத் தளரும். ஏற்றுவதற்குப் பயன்படுத்திய நட்டைச் சக்கரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட்டின் நட்டைக் கழற்றியிருந்தால், அதைக் குறித்த அளவுக்கு இறுக்குவதற்கு முன் வண்டியின் எடை அந்தச் சக்கரத்தின்மேல் இறங்கக் கூடாது.”

இப்பகுதியில் ‘முளை’ வரும் ஒவ்வோரிடத்திலும் ‘போல்ட்’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். தலை பின்னால் இருப்பதும் தள்ளி எடுப்பதும் புரியாமல் போய்விடும்.

முளை ஒடிவதன் காரணத்தையும் நூலில் சேர்த்திருக்கிறேன். சக்கரத்தின் சுமையை முளைகள் குறுக்காகத் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது முளை சிறிது நீண்டு, அந்த இழுப்பால் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்துகிறது. அவ்விரு முகங்களுக்கும் இடையிலான உராய்வுதான் சுமையையும் பிரேக்கையும் ஏற்கிறது. இறுக்கம் குறைந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் முளை வளைந்து நிமிர்ந்து, உலோகம் சோர்ந்து ஒடியும். ஏர் கன்னால் அளவின்றி இறுக்கினால், நீட்சியின் எல்லையைக் கடந்து முளை நிரந்தரமாக நீண்டுவிடும். நட்டை இறுக்கும் முறுக்குவிசையாக டொயோட்டாவின் பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டரும் ஹோண்டாவின் பல கார்களுக்கு 108 நியூட்டன் மீட்டரும் குறிக்கப்பட்டிருப்பது இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில்தான். அந்த அளவு உலர்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் பூசி அதே அளவுக்கு இறுக்கினால் முளையின் இழுப்பு கூடிவிடும்.

இனி உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

*மறுமொழி*

ஐயா, வணக்கம்.

தங்கள் நிபந்தனையை முழுமையாக ஏற்கிறேன். தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, இன்றைய மாணவர்களுக்கு முளை என்றதும் விதையிலிருந்து வருவதே நினைவுக்கு வரும். முளைக்குச்சியைப் பார்த்த நகரத்துப் பிள்ளைகள் குறைவு. ‘கட்டுத்தறி’ என்பதிலுள்ள தறியைக் கொண்டு ‘மரைத்தறி’ எனலாமா? இரண்டாவது, பள்ளி இயற்பியல் பாடத்தில் திருகு அளவியைப் பற்றிப் படிக்கும்போது ‘புரியிடைத் தூரம்’ என்றே கற்பிக்கிறோம். திருகின் சுற்றுக்குப் புரி என்ற சொல் பாடநூலில் நிலைபெற்றிருக்க, மரை என்பதை ஏன் எடுக்க வேண்டும்? மரை என்றால் மான் வகையும் ஆகும். ‘புரிமுளை’ என்றே வைத்தால் பள்ளிக்கும் பட்டறைக்கும் ஒரே சொல் ஆகிவிடுமே.

*மறுமொழிக்கு மறுமொழி*

அன்புள்ள அம்மா,

தறியை நானும் எண்ணிப்பார்த்தேன். பொருள் முளைக்கு மிக நெருக்கமானதுதான். ஆனால் கைத்தறியும் விசைத்தறியும் அச்சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. ஈரோட்டிலோ கரூரிலோ ஒரு பட்டறையில் போய் “தறி ஒடிந்துவிட்டது” என்றால் நெசவுக்கூடத்தைத்தான் நினைப்பார்கள். விதையின் முளையைப் பொறுத்தவரை, சக்கரத்தின் முன் குழப்பம் வர வாய்ப்பில்லை. முளைக்குச்சியைக் காணாத பிள்ளைக்கும், தட்டிலிருந்து புறப்பட்டு நீட்டிக்கொண்டு நிற்பது என்ற அளவில் சொல் உதவும். மான் வகையைப் பற்றிய கவலையும் இதைப் போன்றதே.

புரியைப் பற்றிய தங்கள் கேள்வி கனமானது, அதற்காக நன்றி. பட்டறையில் “மரை தேய்ந்துவிட்டது”, “மரை கழன்றுவிட்டது” என்று நாள்தோறும் சொல்கிறார்கள். புரி என்று யாரும் சொல்வதில்லை. வாழும் தமிழ்ச்சொல் ஒன்று கையில் இருக்கும்போது அதை விலக்கிவிட்டு வேறொன்றைக் கொண்டுபோனால், தொழிலாளர் இரண்டையும் விட்டுவிட்டு ‘திரெட்’ என்பதற்கே திரும்புவார். எனவே இரண்டுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வெட்டப்பட்ட முழுப்பரப்பும் மரை; அதிலுள்ள ஒவ்வொரு சுற்றும் புரி. பொருள் மரைமுளை என்றே இருக்கட்டும். அதன் அளவைச் சொல்லும்போது தங்கள் பாடநூற்சொல் வரட்டும். சுசுகி கார்களின் முளை 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் கொண்டது. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் அதே விட்டத்துக்கு 1.5 மில்லிமீட்டர். ஒன்றின் நட்டு மற்றொன்றின் முளையில் தொடக்கத்தில் ஏறுவதுபோல் ஏறிப் பின் மரையைச் சிதைத்துவிடும் என்பதால், மாணவர் அறியவேண்டிய முதல் அளவே புரியிடைத் தூரம்தான்.

புரிக்கு இன்னொரு நல்ல பயனும் தங்கள் மடலால் எனக்குத் தோன்றியது. 1960களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்பக்கமாகத் திருகி இறுக்கும் மரை இருந்தது. பழைய லாரிகளிலும் இதைக் காணலாம். தெரியாமல் கழற்ற முயன்று, மேலும் இறுக்கி, முளையை ஒடித்தவர்கள் உண்டு. இறுக்கத் திருகும் திசையைக் கொண்டு இவற்றை இடம்புரி முளை என்றும் மற்றவற்றை வலம்புரி முளை என்றும் சொல்லிவிடலாம். விளக்கமே தேவைப்படாது.

மற்றோர் உறுப்பினர் தனிமடலில் எழுப்பிய கேள்விக்கும் இங்கேயே விடை கூறுகிறேன். உள்ளூர் லேத்தில் கடைந்த தண்டையும் முளை என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார். வடிவத்தால் அதுவும் முளைதான். ஆனால் சக்கரத்துக்கு ஏற்றதன்று. சக்கர முளை பொதுவாக 10.9 வலிமைத்தரத்தில், வெப்பப் பதப்படுத்திய எஃகால் ஆனது. மெல்லிரும்புக் கம்பியைக் கடைந்து செய்தது அதே இறுக்கத்தில் நீண்டுவிடும். ஒடிந்த முளையின்மேல் வெல்டிங் வைத்துக் கம்பியை ஒட்டுவதும் அப்பதத்தைக் கெடுத்துவிடும் என்பதால் நூலில் இரண்டையும் கூடாதென்றே எழுதியிருக்கிறேன். மேலும், நான்கு முளைகள் மட்டுமே உள்ள குடத்தில் ஒன்று ஒடிந்துபோய், அந்நிலையில் வண்டி சிறிது தூரமேனும் ஓடியிருந்தால், மிச்சச் சுமையை ஏற்று வளைந்த மற்ற மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் தீர்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டின் இரு முனைகளிலும் மரை உண்டு. ஒரு முனை இயந்திரத்தின் தலைப்பகுதியில் திருகப்பட்டு அங்கேயே தங்கிவிடும், மறுமுனையில் நட்டு ஏறும். நட்டைக் கழற்றியபின்னும் இடத்தில் நிற்பது என்ற அளவில் அதுவும் முளையே. ஆனால் மாற்றும்போது அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும். ஆகையால் அதை ‘இருமரை முளை’ என்றும், அழுத்தி ஏற்றிய சக்கர ஸ்டட்டை மட்டும் ‘மரைமுளை’ என்றும் பிரிக்கலாம் என்று கருதுகிறேன். எஞ்சின் வேலை செய்பவர்கள் இந்தப் பிரிவு பிற இடங்களிலும் தாங்குமா என்று சொன்னால், இரண்டு பதிவுகளையும் ஒன்றாகவே கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுவேன்.