மாமியின் இரவு வேலையை நினைவுக் குறிப்பில் எழுதலாமா?

கேள்வி

ரொறன்ரோவில் வசிக்கிறேன். என் கணவரின் தாயார் போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகளுள் ஒன்றான சாவ் மிகேலில் பிறந்து, 1960களின் இறுதியில், முன்னரே இங்கு வந்திருந்த மாமா அழைப்புக் கடிதம் அனுப்பிய பின் இரண்டு பிள்ளைகளோடு கனடா வந்து சேர்ந்தவர். அவருடைய முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அச்சிடும் சிறு மலரில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பேரப்பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு அவர் முட்டை பதித்துச் சுடும் இனிப்புப் பாண் என்னும் ரொட்டியையும், பரிசுத்த ஆவி விழாவில் ஊருக்கே சமைத்ததையும் எழுதினால் போதும் என்று குடும்பத்து மூத்தவர்கள் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகர மையத்து அலுவலகக் கோபுரங்களில் இரவில் துப்புரவு வேலை செய்ததைக் குறிப்பிடுவது அவருக்கு மரியாதை ஆகாதாம். அம்மா மாலையில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வாசலைத் தாண்டுவதுதான் என் கணவருடைய முதல் நினைவு. அதை எப்படி விடுவது?

மறுமொழி 1

விடாதீர்கள், சகோதரி. 1984இல் 72 மாடி கொண்ட ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் போர்த்துக்கேயப் பெண்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நகரத்தின் பணக்காரத் தெருவிலேயே மறியல் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். உங்கள் மாமி அதில் இருந்தாரா என்பதை விசாரித்த பிறகே எழுதுங்கள். இல்லையென்றாலும் அவர் செய்த வேலை அதுவே. இன்னொன்று: 'சவுதாதே' என்ற போர்த்துக்கேயச் சொல்லை எழுதி, ஊர் ஏக்கம் என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எல்லா நினைவு மலர்களிலும் அது இருக்கிறது. அதனால் எவருடைய மாமியும் கண்முன் வருவதில்லை.

மறுமொழி 2

மூத்தவர்களின் கூச்சத்தையும் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். போர்த்துக்கல்லின் சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியில் 1960 வரை பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி மூன்று ஆண்டுகள் மட்டுமே. மணமான பெண் கணவரின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற 1969 வரை சட்டம் இடம் தரவில்லை. அப்படி வளர்ந்த ஒருவர் தனியாக இரவுப் பேருந்து ஏறி வேலைக்குப் போனார் என்பதை, இந்தப் பின்னணியோடு சேர்த்து எழுதினால் அவர்களும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய கடவுச்சீட்டு இருந்தால் வந்து சேர்ந்த தேதியை அதிலிருந்தே எடுங்கள். வாய்வழியாகச் சொல்லப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிசகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் நான் பாண், குசினி (சமையலறை), மேசை என்று சொன்னபோது மாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருடைய மூதாதையரான போர்த்துக்கேயர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள் அவை. அதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கிறேன். வேலைநிறுத்தத்தைப் பற்றி மூத்த மச்சாளிடம் கேட்டேன். மாமி வேறொரு கட்டடத்தில் வேலை செய்தாராம். ஆனால் அங்கே மேற்பார்வையாளர் கொடுத்த கடிதங்களையெல்லாம், அப்போது பத்து வயதான தானே படித்து மொழிபெயர்த்துச் சொன்னதாகவும், வேலைநேரத்தைக் குறைத்த கடிதத்தை மட்டும் இரண்டு நாள் ஒளித்து வைத்ததாகவும் சொன்னார். இரண்டாம் பக்கத்தை இனி அவர்தான் எழுதுகிறார்.