கிணறு யாருக்கு? உழுகிறவனுக்கு மட்டுமா?

அல்சூர்வாசி:
பாலக்கோட்டார் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் நிலத்தில் பங்கு கேட்டால் கொடுத்துவிடலாமாம். கிணறும் மோட்டாரும் மட்டும் ஊரில் உழுகிறவனுக்காம். என்ன தாராள மனம்! தர்மபுரிப் பக்கம் கிணறு இல்லாத நிலத்தை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது? கொள்ளு விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதா?

பாலக்கோட்டான்:
எழுதியவன் நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. கிணறு உழுகிறவனுக்கு. தூர் வாரியவன் நான். தண்ணீர் கீழே போனபோது கடன் வாங்கிக் கிணற்றுக்குள் போர் இறக்கியவன் நான். மோட்டார் காயில் எரிந்த நாளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான். பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தண்ணீரில் என்ன பங்கு?

வில்லங்கம்:
நிலம் பூர்வீகமா, தகப்பனார் கிரயம் வாங்கியதா? அதைச் சொல்லாமல் பேசுவதில் பயனில்லை.

அல்சூர்வாசி:
போர் இறக்கிய செலவைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள், கொடுக்கிறோம். செலவு செய்தவனுக்குச் செலவுதான் சேரும், கிணறு சேராது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றையாவது வாழ்நாளில் படித்திருக்கிறீர்களா? செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதி முடித்த கையோடு, கிணற்றில் இத்தனை பங்கு, மின் மோட்டார் இணைப்பில் இத்தனை பங்கு, முறை வைத்து நீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம், மாமூல் வண்டித்தடப் பாத்தியம் என்று வரிசையாக எழுதுவார்கள். அரைகுறைப் பத்திர எழுத்தர்கூட அந்த வரியை விடமாட்டார். எங்கள் ஊரில் நாள் முறை உண்டு. இன்று அண்ணன் காட்டுக்கு, நாளை தம்பி காட்டுக்கு. தாத்தா காலத்தில் மாடு பூட்டி இறைக்கும் கவலை ஏற்றம் இருந்தபோதே இது நடந்தது. கரண்ட் வந்ததும் உங்களுக்கு மட்டும் நியாயம் மாறிவிட்டதா?

பாலக்கோட்டான்:
நாள் முறையில் உங்கள் முறை வரும் நாளில் பாய்ச்சப்போவது யார்? நீங்களா? இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் அல்சூரிலிருந்து மண்வெட்டியோடு பஸ் ஏறுவீர்களா? முதலில் உங்கள் குடியிருப்புக்கு டேங்கர் லாரி வந்துவிட்டதா என்று பாருங்கள் ஐயா. கிணறு உழுகிறவனுக்கு.

மூத்தமகள்:
பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதுகிறேன். அண்ணனும் தம்பியுமாகக் கிணற்றைப் பிரிக்கிறீர்களே, வாரிசு என்றால் ஆண் பிள்ளைகள் மட்டும்தானா? 1989 மார்ச் 25-க்கு முன்பு திருமணமான மகள்களைப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லாமல் தமிழ்நாட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்தது. எனக்குத் திருமணம் 1987-இல். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியை எடுத்துவிட்டது. அப்பா அப்போது உயிரோடு இல்லையே என்று தட்டிக்கழித்தவர்களுக்கு 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று பதில் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றில் எனக்கும் பங்கு உண்டு.

பாலக்கோட்டான்:
அக்கா, உங்களைப் போன்ற மகள்களுக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாகிவிட்டது. எங்கள் வீட்டில் 1998-லேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்து முடித்துவிட்டோம்.

மூத்தமகள்:
நகைக்கு ரசீது இருக்கிறதா தம்பி? என் நகையை என் கழுத்தில் நான் பார்த்ததைவிட அடகுக் கடைக்காரர் பார்த்ததே அதிகம். அதில்தான் எங்கள் வீட்டு மோட்டாரே வந்தது.

வில்லங்கம்:
அந்தத் திருத்தம் கெடுவாக வைத்த 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பிரித்தாகிவிட்டது என்பவர் பதிவான பத்திரத்தையோ நீதிமன்ற ஆணையையோ காட்ட வேண்டும். பொது ஆவணங்கள் வலுவாக ஆதரித்தால் மட்டும் வாய்மொழிப் பிரிவினையை விதிவிலக்காக ஏற்கலாம் என்றது அதே தீர்ப்பு. பட்டா மாறியதா? மீண்டும் கேட்கிறேன், பூர்வீகமா, கிரயமா?

சர்ஜாபுரத்தான்:
எத்தனை குண்டே நிலத்துக்கு இந்தச் சண்டை?

பாலக்கோட்டான்:
குண்டேயா? அது கர்நாடகக் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் சென்ட் கணக்கு. மனை விற்கிற பேச்சை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ஜாபுரத்தான்:
நாற்பது குண்டே ஒரு ஏக்கர், நூறு சென்ட் ஒரு ஏக்கர். இரண்டரையால் பெருக்கத் தெரியாதவருக்குத்தான் முழுக் கிணறும் வேண்டியிருக்கிறது.

பாலக்கோட்டான்:
கலாசிபாளையம் மண்டியில் தக்காளிப் பெட்டிக்குக் கணக்கு முடித்துப் பணம் வாங்குகிறவன் நான். எனக்குப் பெருக்கல் சொல்லித் தருகிறாரா? போன மாதம் வீட்டு முன்பணத் தகராறில் இதே ஆள் வீட்டுக்காரர் பக்கம் நின்றவர்தானே!

சர்ஜாபுரத்தான்:
அந்தத் தகராறில் நான் சொன்னது சரிதான். சுண்ணாம்பு அடித்த செலவைக் குடியிருந்தவர் கொடுக்க வேண்டும்.

அல்சூர்வாசி:
முன்பணத்தை விடுங்கள். பாலக்கோட்டாரே, ஒரே கேள்வி. கிணற்று மின் இணைப்பு இன்று யார் பெயரில் இருக்கிறது?

பாலக்கோட்டான்:
அப்பா பெயரில்.

அல்சூர்வாசி:
அப்படியானால் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்களே! தூர் வாரிய கதையை அந்த அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். தம்பியும் தங்கையும் கையெழுத்துப் போடாமல் உழுகிறவன் பெயருக்கு அது வந்துவிடுமா? பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்க மட்டும் பெங்களூருக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிடுகிறீர்கள். அன்றைக்கு மட்டும் நாங்கள் இரத்த சொந்தம்.

பாலக்கோட்டான்:
நீங்கள் என் தம்பியா என்ன? உங்கள் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தை ஏன் என்மேல் கொட்டுகிறீர்கள்?

அல்சூர்வாசி:
அவரும் இதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். கிணற்றில் பாதி. அதற்குக் குறைந்து பேச்சில்லை.

மூத்தமகள்:
பாதியா? மூன்றில் ஒன்று. எண்ணும்போதே மகள்களை விட்டுவிடுகிறீர்கள். அம்மாவின் பித்தளை அண்டாவும் இப்படித்தான் போயிற்று. என் தம்பி வீட்டில் அதில் இப்போது மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.

பாலக்கோட்டான்:
மாட்டுக்காவது தண்ணீர் வைக்கிறாரே, அதற்கும் ஒரு கிணறு வேண்டும் அக்கா. கிணறு உழுகிறவனுக்கு.

சர்ஜாபுரத்தான்:
சுண்ணாம்புச் செலவுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வில்லங்கம்:
பூர்வீகமா, கிரயமா?