அம்மாவின் பட்டைத் தண்ணீர்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று மாதமாகத் தினமும் ஒரு ஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து குடிக்கிறார். வீட்டில் இருப்பது தடித்த, கெட்டியான பட்டை. காசியா வகை என்றுதான் தோன்றுகிறது. அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், நாள்பட எடுத்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் கூமரின்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. ஒரு ஸ்பூன் காசியாவே அதைத் தாண்டிவிடலாம். குழம்பில் போடும் துண்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு வருத்தம்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். கல்லீரல் பரிசோதனையும் கேட்கலாமா? அப்புறம், சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்குமே, கூமரின் குறைவான அந்த இலங்கைப் பட்டை மதுரையில் எங்கே கிடைக்கும்? தூளாக வேண்டாம், பார்த்து வாங்க வேண்டும்.