உங்களை அலைய வைத்த வால்வு எது?

இணுவில்_தோட்டம்:

போன வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு வெங்காயத்துக்கு இறைப்பு. இரண்டு இஞ்சு மண்ணெண்ணெய் மிசின். முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டது, ஆனால் தண்ணீர் வரவில்லை. நிறுத்தி, பம்புக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுபடி இழுத்தேன். ஒரு வாய் துப்பிவிட்டு நின்றுவிட்டது. திரும்ப ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கிப் போகிறது.

பம்பின் சீல்தான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, மூடியைக் கழற்றி, இரண்டு மணித்தியாலத்தை வீணாக்கினேன். சீலில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் குழாயைக் கிணற்றிலிருந்து மேலே எடுத்தேன். ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் பிடிக்க அடியில் இருக்கும் புட் வால்வின் மடலுக்கும் அது வந்து உட்காரும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நத்தை ஓட்டுத் துண்டு. மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது. சல்லடையில் ஒரு மூலை கிழிந்திருந்தது, அதற்குள்ளால் ஏறியிருக்கிறது.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக் காற்றுத்தான் கிணற்றுத் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கணக்குக்கு 10 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர் ஏறினால் பெரிய காரியம். அதனால்தான் ஆவணியில் நீர்மட்டம் இறங்கியதும் மிசினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருக்கும் தட்டுக்கு இறக்குகிறோம். ஆனால் இதெல்லாம் நடக்க முதலில் குழாய் நிறைந்திருக்க வேண்டும். அந்தக் காவல் வேலை முழுவதும் ஒரு மடலின் தலையில். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய_பிட்டர்:

தம்பி, மிளகாய் விதை எதற்கு? ஒரு மணல் போதும். வால்வு என்றால் திறக்கிறதும் மூடுகிறதும் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். திறப்பது எந்தக் கட்டையும் செய்யும். மூடுவதற்குத்தான் காசு.

காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் 1990 வரைக்கும் பிட்டராக இருந்தேன். அங்கே புதிதாக வந்த ஒரு பெடியன் பம்பு கழுத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று, தண்டைச் சுற்றித் திணித்த கயிற்றை அமுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் நட்டை இறுக்கினான். சொட்டுவது நின்றதும் அவனுக்குப் பெருமை. பின்னேரம் கழுத்து சுட்டுப் புகைந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே திணித்த கயிறு கரியாகிக் கிடக்கிறது, தண்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. கயிறு திணித்த கிளாண்ட் சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுத்தான் அதற்கு எண்ணெயும் குளிர்ச்சியும். கார்பனும் செராமிக்கும் முகத்தோடு முகம் உரசும் மெக்கானிக்கல் சீல் வேறு சங்கதி. அது சொட்டக்கூடாது. ஆனால் தண்ணீர் இல்லாமல் மோட்டரை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே அதன் கதை முடிந்துவிடும்.

அதன் பிறகு பொருளாதாரத் தடைக் காலம். வோஷர் என்று கடையில் ஒன்றும் கிடையாது. நான் முதலில் செருப்பு ரப்பரில் வெட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. அதற்குள் காற்றுக் குமிழ்கள். ஒருதரம் அமுங்கினால் அமுங்கினபடியே கிடக்கும், எழும்பி வராது. லொறி ரியூப் நல்லது. தண்ணீர்க் குழாய்க்கு அதில் வெட்டிய வோஷர் வருடக்கணக்கில் நின்றது. அந்தத் துணிவில் ஒருவருடைய இறைப்பு மிசினின் மண்ணெண்ணெய்ப் பைப்புக்கும் அதையே போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஆள் மிசினோடு வந்து நிற்கிறார், எண்ணெய் இறங்கவில்லையாம். திறந்தால் வோஷர் தண்ணீரில் ஊறிய வடை மாதிரி ஊதி, துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதே ரப்பர், அதே கத்தி, அதே கை. பிறகு பழைய மருந்துப் போத்தலின் தக்கையை வெட்டி வைத்தேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று, சைக்கிள் வால்கட்டை. உலகத்தில் அதைவிடச் சுருக்கமான ஒருவழி வால்வு கிடையாது என்பேன். பக்கத்தில் துளையிட்ட ஒரு பித்தளைத் தண்டு, அதன் மேல் ஒரு வால்ரியூப் துண்டு. அடிக்கும் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே இருக்கும் காற்று அதே ரப்பரைத் துளையோடு சேர்த்து அமுக்கும். உள்ளழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும். ஸ்பிரிங்கும் இல்லை, திருகாணியும் இல்லை. எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போமே, இப்போது பெரிய கம்பனிகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிச் செய்வதும் அதே சோதனைதான்.

அறிவியல்நகர்_மாணவி:

ஐயா சொன்ன வடைக் கதையை எங்கள் வகுப்பில் ஒரு மணித்தியாலப் பாடமாக எடுத்தார்கள். வடைதான் நன்றாக விளங்குகிறது.

லொறி ரியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். தண்ணீரையும் காற்றையும் நன்றாகத் தாங்கும், மண்ணெண்ணெய் பட்டால் ஊதும். நைட்ரைல் ரப்பர் எதிர்ப்பக்கம்: எண்ணெய்க்குச் சரி, ஆனால் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விழும். ஈபிடிஎம் என்று இன்னொரு ரப்பர், வெயிலுக்கும் சுடுதண்ணீருக்கும் நல்லது, பெற்றோலிய எண்ணெய்க்கு ஆகாது. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர் தண்ணீர் வால்வின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களுக்கு “வழுக்கிப் போகட்டும்” என்று சாதாரண கிரீஸ் பூசி மாட்டினார். அவை ஈபிடிஎம். சில கிழமைக்குள் கைப்பிடியைத் திருப்ப முடியாமல் போனது. சிலிக்கோன் கிரீஸ் பூசியிருக்க வேண்டும். மூன்று ரப்பரும் கறுப்பு வளையம்தான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கடையில் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும்.

குருநகர்_ஐஸ்:

என் பங்குக்குச் சின்னது. ஐஸ் பக்டரியில் அமோனியா லைனில் ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் பளபளவென்று பித்தளையில் ஒன்று கொண்டுவந்தார். எங்கள் பழைய ஆள் பார்த்துவிட்டு அதைக் கையில்கூடத் தொடவில்லை. அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும், வெடிப்பு விழும். அங்கே இரும்பும் உருக்கும்தான். தெரியாமல் மாட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தீவுப் பக்கம் உவர்த் தண்ணீரில் பித்தளை வால்வு செங்கல் நிறமாகிச் சுரண்டினால் உதிர்வதையும் கண்டிருக்கிறேன். துத்தநாகம் கரைந்து போய்விடும், மிஞ்சுவது செம்புப் பஞ்சு.

நல்லூர்_மொட்டைமாடி:

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது, யாராவது சொல்லுங்கள். மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டேன். ஒன்றரை மீற்றர் ஸ்ராண்டில் ஒரு மீற்றர் உயர டாங்கி. கீழே மின்சாரத்தில் திறக்கும் 12 வோல்ற் சொலனொயிட் வால்வு, அதற்கு ஒரு டைமர், எல்லாம் ஒன்லைனில் வாங்கியது. ஆறு மணிக்கு ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. டாங்கி நிறைந்திருந்தால் தண்ணீர் ஓடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கினால் டிக் மட்டும்தான், தண்ணீர் இல்லை. டைமரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். அம்மா “பேய் பிடிச்ச பைப்” என்று பெயர் வைத்துவிட்டா.

அறிவியல்நகர்_மாணவி:

வால்வின் பெட்டியில் 0.02 முதல் 0.8 எம்பீஏ என்று அழுத்தம் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

நல்லூர்_மொட்டைமாடி:

இருக்கிறது! அது தாங்கும் அழுத்தம் என்று விட்டுவிட்டேன்.

அறிவியல்நகர்_மாணவி:

0.8 தாங்கும் அழுத்தம். 0.02 தேவையான அழுத்தம், அதாவது ஏறக்குறைய 2 மீற்றர் தண்ணீர். உங்கள் டாங்கி நிறைந்தால் இரண்டரை மீற்றர், பாதியானால் சரியாக 2. பேய் அங்கேதான் இருக்கிறது.

சொலனொயிட்டுக்குள் இருக்கும் மின்சுருளுக்குப் பெரிய பலம் கிடையாது. அது நடுவில் ஒரு ஊசித் துளையை மட்டும் திறக்கும். துளை திறந்ததும் ரப்பர்த் தகட்டின் மேல்பக்க அழுத்தம் குறைகிறது, கீழ்ப்பக்கத் தண்ணீர் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கதவைத் திறப்பதே தண்ணீர்தான். தள்ளத் தண்ணீருக்குப் பலம் இல்லையென்றால் டிக் சத்தத்தோடு சரி. குழாய்த் தண்ணீருக்கும் மோட்டர் லைனுக்கும் செய்தது அது, டாங்கித் தண்ணீருக்கு அல்ல. இன்னொரு வில்லங்கம், நம்மூர்த் தண்ணீர். கேத்தில் அடியில் பிடிக்கும் சுண்ணாம்புதான் அந்த ஊசித் துளையிலும் பிடிக்கும். தேசிக்காய்ச் சாற்றில் ஊறப்போட்டால் கரையும்.

கோண்டாவில்_எலக்ட்ரீசியன்:

நேரடியாகத் திறக்கும் சொலனொயிட்டும் இருக்கிறது, ஆனால் வாய் சின்னது, கரண்டும் கூட. இதற்கு மோட்டர் வைத்த ‘போல்’ வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் வால்வு போடுங்கள். கால் சுற்றில் திறக்கும், அழுத்தமே தேவையில்லை. மெதுவாக மூடும், அதனால் ஓடும் தண்ணீர் திடீரென்று நின்று குழாயை அடிப்பதும் இல்லை. மிதவை வைத்த ‘போல்’ வால்வை மாறி வாங்கிவிடாதீர்கள். இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர், எனக்கே கடையில் மாற்றித் தந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சொலனொயிட்டில் கரண்ட் போனால் ஸ்பிரிங் மூடிவிடும். சாதாரண மோட்டர் வால்வு நின்ற இடத்திலேயே நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஒரு வீட்டில் நான் போட்ட மோட்டர் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது. 1000 லீற்றர் டாங்கியும் காலி, கீழ்வீட்டு முற்றத்தில் குளம். அந்த வீட்டு ஐயா என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து, கரண்ட் போனால் இது எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்காமல் ஒன்றும் மாட்டுவதில்லை. கரண்ட் போனதும் தானாக மூட, உள்ளே கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் வகையும் வருகிறது. விலை கூட.

நல்லூர்_மொட்டைமாடி:

அந்த விலை கூடியதையே வாங்கினேன். இரண்டு கிழமையாக ஒழுங்காக ஓடுகிறது. நேற்று வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், கிர்ர் என்று திரும்பி மூடிக்கொண்டது. அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை, ஆறு மணிக்கு ஒருக்கா மேலே வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறா.

இணுவில்_தோட்டம்:

நான் தொடங்கியது நத்தையில், எங்கேயோ போய்விட்டீர்கள். சல்லடையை மாற்றினேன். மடல் ரப்பரும் ஓரத்தில் வெடித்திருக்கிறது, கடையில் தனி மடல் இல்லை, முழு வால்வும் வாங்கச் சொல்கிறார்கள்.

பழைய_பிட்டர்:

இரண்டு இஞ்சுதானே? லொறி ரியூப் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய மடலையும் கொண்டு வாரும். அளவுக்கு வெட்டித் தருகிறேன். மண்ணெண்ணெய்க் கையோடு மட்டும் தொடவேண்டாம்.