ஜெர்மனியில் ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்புக்கும் மதில் சுவரா?

தக்கலைத் தம்பி:
தங்கச்சி நர்ஸ் வேலைக்கு ஆக்ஸ்பர்க் போயிருக்கிறாள், தங்கியிருப்பது யாகோபர்ஃபோர்ஸ்டாட் என்ற பகுதியில். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடமாம், ஆனால் அங்கேயும் கோட்டை வாசல், மதில் எல்லாம் நிற்கிறது என்று படம் அனுப்பினாள். பத்மநாபபுரம் மதிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மதில் என்றால் அரண்மனையைக் காக்கத்தான். சாதாரண சனங்கள் இருந்த இடத்துக்கு யார் காசு செலவழித்துக் கட்டினது?

குளச்சல்காரன்:
அங்கே ராஜா ஏது மக்கா? அந்தக் காலத்தில் ஆக்ஸ்பர்க், புனித ரோமப் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம், காவல் எல்லாம் நகரசபை பொறுப்பு. பழைய ஊர் மேட்டில் இருக்கிறது. கிழக்கே தாழ்வான பக்கம் லெக் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள், அதனால் அந்தப் பக்கம் முழுக்க ஆலை, நெசவு, தோல் பதனிடுதல் என்று கைத்தொழில்காரர்கள் பெருகினார்கள். யாகோபர் பகுதியை மதிலுக்குள் சேர்த்தது 14ஆம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில், 1368இல், கைத்தொழில் சங்கங்கள் கிளர்ச்சி செய்து நகரசபையிலும் இடம் பிடித்துவிட்டன. இரக்கப்பட்டுக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, நெசவாளி இல்லாமல் ஆக்ஸ்பர்க் வியாபாரிக்குப் பிழைப்பே கிடையாது.

மார்த்தாண்டம் அக்கா:
தம்பி, அந்த மதிலுக்குள்ளேயே இன்னொரு மதில் இருக்கிறதே, ஃபுக்கராய்! யாகோப் ஃபுக்கர் என்ற பெரும் பணக்காரர் 1521இல் ஏழைகளுக்கென்று ஏற்படுத்திய குடியிருப்பு, இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள். வருஷ வாடகை 88 யூரோ சென்ட், கரண்ட், ஹீட்டர் செலவு தனி. ஆனால் ஆக்ஸ்பர்க்வாசியாக, கத்தோலிக்கராக, வறுமையில் இருப்பவராக இருக்க வேண்டும், தினமும் மூன்று ஜெபம் வேறு. இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார், கடைசியில் அங்கேதான் குடியிருந்தார். 1944 குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்து, திரும்பக் கட்டினார்கள்.

குளச்சல்காரன்:
பெரிய மதிலை இடித்தது குண்டு இல்லை, நகரசபையேதான். 1860களில் ஊர் பெருகினதும் பெரும்பகுதியைத் தகர்த்துவிட்டார்கள். யாகோபர் வாசலும் ஃபோகல் வாசலும் தப்பின. தங்கச்சியிடம் சொல்லு, இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

மார்த்தாண்டம் அக்கா:
ஒன்றை விட்டுவிட்டேன். ஃபுக்கராய் கதவை ராத்திரி 10 மணிக்குச் சாத்திவிடுவார்கள். பிந்தி வருகிற குடித்தனக்காரர் காவலாளிக்கு 50 சென்ட் கொடுக்கணும், நடுராத்திரி தாண்டினால் ஒரு யூரோ.

தக்கலைத் தம்பி:
சரிதான் அக்கா, என் தங்கச்சிக்கு மாசம் பாதி நைட் டியூட்டி. வாடகையைவிடக் கதவுக்காசு கூடிப்போகும்.