செட் நெக்கா (ஒட்டுறது), போல்ட்-ஆனா (ஸ்க்ரூ போடுறது)? கட்அவே பைண்டிங் பத்தியும் ஒரு சந்தேகம்

மரத்தூள் (கோவை):

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். வீட்டுப் பட்டறையில கிப்சன் லெஸ் பால் மாதிரி ஒரு கிட்டார் செஞ்சிட்டிருக்கேன். பாடி மஹோகனி, மேல 12 மில்லி மேப்பிள் பலகை. ஃப்ரெட்போர்டு நம்ம ஈட்டி மரம். ஸ்கேல், அதாவது நட்லேர்ந்து (தலைப்பக்கம் கம்பி உட்கார்ற கட்டை) பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம், 24.75 இன்ச். பிரிட்ஜ் ட்யூன்-ஓ-மேட்டிக். மேற்பலகையைச் செதுக்கப் போறதில்ல, தட்டையாவே விடுறேன். பாடி வடிவம் வெட்டியாச்சு, நெக் உட்கார்ற குழி (பாக்கெட்) இன்னும் எடுக்கல.

அப்பா கதவு, நிலை செய்யுற ஆசாரி. ஒட்டுற நெக்தான் நெக், சுத்தியலால தட்டி இறக்குற அளவுக்கு இறுக்கமா இருக்கணும்ங்கிறார். இணையத்துல பார்த்தா செட் நெக்லதான் சஸ்டெய்ன் (நோட் நீண்டு ஒலிக்கிறது) அதிகம்னு ஒரு கூட்டம், எல்லாம் கட்டுக்கதைன்னு இன்னொரு கூட்டம். எதை நம்புறது?

ரெண்டாவது, பாடி ஓரத்துல ஒட்டுற பிளாஸ்டிக் பட்டை, க்ரீம் கலர் ஏபிஎஸ் பைண்டிங், வாங்கி வெச்சிருக்கேன். 1.5 மில்லி கனம், 6 மில்லி உயரம். கட்அவே (மேல் ஃப்ரெட்டுக்குக் கை எட்ட பாடியில வெட்டின இடம்) உள்வளைவுல அது நிக்குமா? பைண்டிங் முதல்லயா, நெக் ஒட்டுறது முதல்லயா?

பெரம்பூர் பிக்கப் (சென்னை):

தம்பி, சஸ்டெய்ன் சண்டைக்குள்ள போகாதே. ரிப்பேர் மேசையில உட்கார்ந்திருக்கிறவன் நான். ஒட்டின நெக்ல நோட் சட்டுனு செத்துப்போறதையும் கேட்டிருக்கேன், நாலு ஸ்க்ரூ நெக்ல டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் இழுக்கிறதையும் கேட்டிருக்கேன். 1950ல லியோ ஃபெண்டர் ஸ்க்ரூ போட்டது வேகமா செய்யலாம், கெட்டா கழட்டி மாத்தலாம்னு. 1952ல கிப்சன் லெஸ் பால் நெக்கை ஒட்டினதுக்குக் காரணம், அவங்க அதுக்கு முன்னாடியே ஆர்ச்டாப் (மேற்பலகை மேடா வளைஞ்ச) கிட்டார்களை அப்படித்தான் செஞ்சிட்டிருந்தாங்க. அவங்கவங்க பட்டறைப் பழக்கம், அவ்வளவுதான்.

நீ கவலைப்பட வேண்டியது கோணத்தைப் பத்தி. ஃபெண்டர்ல நெக்கோட அடிப்பகுதி 25.4 மில்லி, பாக்கெட் ஆழம் 15.9. மீதி 9.5 மில்லி பாடிக்கு மேல நிக்குது. பிரிட்ஜும் தாழ்வானது, அதனால கோணமே வேண்டாம். ட்யூன்-ஓ-மேட்டிக் உயரமான பிரிட்ஜ். அதுல கம்பி பாடிக்கு 18 மில்லி மேல போறதா வெச்சுக்கோ. உன் ஸ்கேல்ல நெக் 16ஆவது ஃப்ரெட்ல பாடியைத் தொட்டா அங்கிருந்து பிரிட்ஜுக்கு 250 மில்லி. போர்டு கனம் 6, ஃப்ரெட் 1, பிரிட்ஜ்கிட்ட கம்பிக்கு விடுற இடைவெளி 3, ஆக 10. இன்னும் 8 மில்லி ஏறணும். 250 மில்லி தூரத்துல ஒரு டிகிரிக்கு 4.4 மில்லி ஏறும். அப்போ உனக்கு வேண்டியது 2 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ.

லெஸ் பால்னா 4 டிகிரின்னு எங்கயாவது படிச்சுட்டு அப்படியே வெட்டிடாதே. அது நடுவுல மேடா செதுக்கின பலகைக்கு. உன் தட்டைப் பலகையில 4 போட்டா பிரிட்ஜைத் தூக்கித் தூக்கி ஆணி முழுக்க வெளிய வந்து ஆடும். பாடி, நெக், பிரிட்ஜ் மூணையும் பக்கவாட்டுல நிஜ அளவுக்கே ஒரு பெரிய தாள்ல வரைஞ்சு பாரு. உன் கையில இருக்கிற பிரிட்ஜை அளந்து வரை, கடைக்காரன் போட்டிருக்கிற அளவை வெச்சு வரையாதே.

அப்பா சொல்ற இறுக்கம் நிலைக்குச் சரி, இதுக்கு வேண்டாம். கையால அழுத்தினா டெனான் (பாக்கெட்டுக்குள்ள போற நெக் முனை) இறங்கணும். பசை போடாம நெக்கைப் பிடிச்சுத் தூக்கினா பாடியும் கூடவே வரணும். அது போதும். சுத்தியல் தேவைப்பட்டா பசையெல்லாம் வழிஞ்சு வெளிய போயிடும், கட்அவே பக்கம் பாக்கெட் சுவர் மெல்லிசு, அது பிளக்கும். பக்கச் சுவரைவிட அடித்தளம்தான் முக்கியம். டெனான் அடியில பென்சில் கரியைத் தேய்ச்சு உள்ள இறக்கி எடு, எங்கெங்க கறுப்பு ஒட்டியிருக்கோ அதுதான் மேடு. அங்க மட்டும் உளியால சீவு. இந்த வேலையை அப்பாகிட்ட குடு, உன்னைவிட நல்லா செய்வார்.

நீளத்தைக் குறைக்காதே. 1969 வாக்குல கிப்சன் டெனானைக் குட்டையாக்கிச்சு, அதுக்கு முன்னாடி அது முன் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) குழி வரைக்கும் நீளும். ஃபேக்டரி அவசரம் உனக்கு இல்ல. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு ஓரக் கம்பிக்கும் நட்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் நூல் கட்டிப் பாரு, போர்டு ஓரத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கணும். பசை டைட்பாண்ட் ஒரிஜினல் போதும். அப்பாவுக்கு வஜ்ரம் காய்ச்சத் தெரிஞ்சா அதுவும் அருமை. பின்னாடி நெக்கைக் கழட்டி மறுபடி ஒட்டணும்னா ரெண்டும் சூட்டுக்கு விட்டுக்குடுக்கும். பலகை ஒட்டுற சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்குது, வெயில்ல அது மெல்ல நகரும்.

பைண்டிங் முதல்ல, நெக் அப்புறம். நெக் இருந்தா ரவுட்டர் (மரம் குடையுற மெஷின்) அடிப்பலகை ஆடாம உட்கார இடம் கிடைக்காது. பேரிங் பிட் போட்டு ஒரேயடியா வெட்டாம கொஞ்சம் கொஞ்சமா இறங்கு. கட்அவே கொம்பு நுனியில நார் பிய்க்கும், அங்க ரொம்ப லேசா. பைண்டிங் உட்கார்ற காடியோட அகலம் அதோட கனத்தைவிட ஒரு முடி குறைவா இருக்கட்டும். அப்போ பிளாஸ்டிக் துளி வெளிய நிக்கும், ஸ்க்ரேப்பரால சுரண்டி மரத்தோட சமமாக்கலாம். மரம் வெளிய நின்னா பாடியையே இழைக்க வேண்டி வரும்.

உள்வளைவுக்கு வர்றேன். பழைய கிட்டார்ல பைண்டிங் எங்க பிரியும்னு கவனிச்சிருக்கியா? எப்பவும் இடுப்பு வளைவுல. பழைய செல்லுலாய்டு வருஷக்கணக்குல நீளவாக்குல சுருங்கும். வெளிவளைவுல சுருங்கினா மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், உள்வளைவுல நேர்க்கோடாக இழுத்து வெளிய வந்துடும். ஏபிஎஸ் அவ்வளவு சுருங்காது, ஆனா இழுத்துப் பிடிச்சு ஒட்டினா அதுவும் அதையே பண்ணும். அதனால ஹீட் கன்னால சூடு காட்டி, கட்அவே வளைவுக்கு முன்னாடியே வளைச்சு, ஆறவிடு. கையை எடுத்தாலும் அந்த வடிவத்துலயே நிக்கணும். அப்புறம்தான் ஒட்டணும். வளைவு சூட்டுல அமையணும், பசையை நம்பி வளைக்கக் கூடாது. கட்டுறதுக்கு டேப்பை மட்டும் நம்பாதே, பருத்திப் பாவாடை நாடா வாங்கி பாடியைச் சுத்தி இறுக்கு. கட்அவேக்குள்ள நாடா எட்டாது, அங்க வளைவுக்கேத்த மரக்கட்டை ஒண்ணு செஞ்சு கிளாம்ப் போடு. ஒரு நாள் முழுக்கத் தொடாதே.

தோதகத்தி (ஊட்டி):

பெரம்பூர் அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. தம்பி, உன் மேப்பிள் 12 மில்லி, பைண்டிங் 6 மில்லி. அப்போ பைண்டிங்குக்குக் கீழ பாடியைச் சுத்தி இன்னொரு 6 மில்லி மேப்பிள் கோடு தெரியும். அது உனக்கு ஓகேவா? 50கள்ல வந்த லெஸ் பால்ல கட்அவேக்குள்ள மட்டும் பைண்டிங்குக்குக் கீழ மேப்பிள் எட்டிப்பார்க்கும், அதை ரசிக்கிறவங்க நிறைய. ஆனா சுத்தி முழுக்கத் தெரிஞ்சா கணக்குத் தப்பின மாதிரி இருக்கும்.

மேப்பிள்தான் எப்படியும் தெரியப்போகுதுன்னா பிளாஸ்டிக்கே எதுக்கு? பிஆர்எஸ் (பால் ரீட் ஸ்மித்) கம்பெனி கிட்டார்ல பாரு, மேப்பிளோட ஓரத்தைச் சாயம் படாம விட்டு அதையே பைண்டிங் மாதிரி காட்டுவாங்க. சாயம் பட்டதைச் சுரண்டி எடுத்தா போதும், காடியே வேண்டாம்.

அந்த ஏபிஎஸ்ஸை ஃப்ரெட்போர்டுக்கு வெச்சுக்கோ. வெயில் காலத்துல போர்டு காஞ்சு சுருங்கினா ஃப்ரெட் முனை வெளிய குத்தும். பைண்டிங் போட்டு, ஃப்ரெட்டோட அடி நாக்கை ரெண்டு முனையிலயும் வெட்டிட்டு அடிச்சா அந்தத் தொல்லை ரொம்பக் குறையும். நட்ல 43 மில்லி வேணும்னா போர்டை 40க்கு வெட்டணும், ரெண்டு பக்கமும் 1.5 சேருதுல்ல.

மரத்தூள் (கோவை):

அக்கா, அந்த 6 மில்லி கோடு எனக்குத் தோணவே இல்ல! மேப்பிளை இழைச்சு 6க்கு இறக்கிட்டா பைண்டிங்கே மறைச்சுடுமே? அண்ணா, காடியில ஃபெவிக்விக் விட்டா போதுமா? அப்பாவுக்குப் பென்சில் கரி யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு, நிலைக்கும் அப்படித்தான் பார்ப்பாராம்.

பெரம்பூர் பிக்கப் (சென்னை):

இறக்கலாம். ஆனா பாடி மொத்தமும் 6 மில்லி மெலியும், ஸ்விட்ச், பாட் (வால்யூம், டோன் திருகு) குழி ஆழத்தை மறுபடி பார்த்துக்கோ. தோதகத்தி சொன்ன மாதிரி சாயமில்லாம விடுறதும் நல்ல வழிதான். எனக்கு பிளாஸ்டிக் ஓரம் பிடிக்கும், அது என் ரசனை.

ஃபெவிக்விக் வெறும் மேப்பிள்ல ஊறினா கறை நிக்கும், சாயம் அந்த இடத்துல ஏறாது. முதல்ல காடிக்கும் ஓரத்துக்கும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு பூச்சு குடு, காஞ்சதும் ஃபெவிக்விக் விடு. இடுக்கு தெரிஞ்சா மீதி பைண்டிங் துண்டை அசிட்டோன்ல கரைச்சு, கூழாக்கி அடைச்சுக்கோ. கரைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, பக்கத்துல பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். முழுசா காய ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்கு முன்னாடி சுரண்டினா அந்த இடம் பின்னாடி குழியும்.